ஒரு சொல்லில் போன உத்தியோகம்

அத்தியாயம் பதினொன்று

கனகலிங்கம் ஆடிக் கலவரத்துக்குத் தப்பிக் கொழும்பிலிருந்து அகதிக் கப்பலில் வந்து இறங்கி ஏழு மாதம் ஆகிவிட்டது. அங்கே தனியாக இருந்து அரசாங்க இயந்திரசாலையில் லேத் மெஷின் ஓட்டியவன், இப்போது உடுவிலில் அக்கா ஞானாம்பிகையின் வீட்டில் மனைவி குணலட்சுமியோடும் நாலு வயது மகளோடும் இருக்கிறான். வெங்காயத் தோட்டங்களில் பழுதாகும் தண்ணீர்ப் பம்புகளைத் திருத்திக் கொடுத்துக்கொண்டு, நாட்களை எண்ணிக்கொண்டு இருக்கிறான்.

ஐப்பசி மாதம் அக்கா அவனுக்காக ஆங்கிலத்தில் ஒரு லீவுக் கடிதம் எழுதினாள். அவன் கையெழுத்து வைத்தான். பதில் வரவில்லை. தபாற்காரரின் மணி கேட்கும்போதெல்லாம் வீட்டில் மூன்று பேரும் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பதும், மணி வீட்டுக்கு முன்னால் இருந்த ஒழுங்கையைத் தாண்டிப் போனதும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் குனிவதுமாக நாலு மாதம் போயிற்று.

பதில் மாசி மாதம் இருபத்தொன்பதாந் திகதி, புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தது.

ஞானாம்பிகை அப்போது ஆங்கிலம் படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். கனகலிங்கம் பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வைத்து உறையைக் கிழித்தான். அவனுக்குத் தெரிந்த ஆங்கிலம் வேலைக் கருவிகளின் பெயர்களும் அளவுகளுந்தான். ஆனாலும் தலைப்பில் தட்டெழுத்தில் இருந்த பெரிய சொல்லை எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"வெக்கேஷன். குணம், இஞ்சை பாரும். வெக்கேஷன் தந்திட்டாங்கள்."

"லீவோ?"

"ஓம். ஆவணி வெக்கேஷன், மார்கழி வெக்கேஷன் எண்டு அக்கா சொல்லுறவ எல்லே. அதுதான். இனிப் பயமில்லை. சித்திரைக்குப் பிறகு போய்ச் சேரலாம்."

ஏழு மாதத்தில் அவன் அப்படிச் சிரித்ததை அவள் காணவில்லை. பம்பு திருத்தும் சாவிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவன் தோட்டத்துப் பம்புக்குப் போனான். போகும்போது சீட்டியும் அடித்தான்.

குணலட்சுமி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். லீவு கொடுப்பதற்கு ஏன் பதிவுத் தபால்? கடிதத்தின் கடைசிப் பந்தியில் பதினாலு என்ற இலக்கம் இருந்தது. அதன் பக்கத்தில் நாட்கள் என்ற சொல். அந்த அளவு ஆங்கிலம் அவளுக்குத் தெரியும். லீவு பதினாலு நாளோ? அவர்கள் கேட்டது ஆறு மாதம் அல்லவா?

அவள் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த மரியரட்ணம் ஐயாவின் வீட்டுக்கு நடந்தாள். முப்பது வருடம் அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து தலைமைக் கிளாக்கராக இளைப்பாறியவர் அவர்.

மரியரட்ணம் கடிதத்தை ஒருமுறை நின்றபடி வாசித்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இன்னொருமுறை வாசித்தார்.

"பிள்ளை, உந்தக் கடிதத்தை லிங்கம் வாசிச்சவனோ?"

"ஓம் ஐயா. லீவு தந்திருக்கிறாங்கள் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

"லீவு எண்டு எங்கை கண்டவன்?"

அவள் கடிதத்தின் தலைப்பைத் தொட்டுக் காட்டினாள்.

"பள்ளிக்கூடத்துக்கு வெக்கேஷன் எண்டால் விடுமுறைதான். உத்தியோகத்துக்கு வந்தால் வேறை. வெக்கேட் எண்டொரு வினை இருக்கு. வீட்டைக் காலி பண்ணுறது எண்டு சொல்லுறமே, அதுதான். அதிலை இருந்து வந்த பெயர் இது. லிங்கம் தன்ரை கதிரையைக் காலி பண்ணிப்போட்டான் எண்டு எழுதியிருக்கிறாங்கள். வேலை முடிஞ்சுது எண்டதுதான் இந்தக் கடிதம்."

"அவர் காலி பண்ணேல்லையே ஐயா. லீவுதானே கேட்டவர்."

"கேக்கேல்லை எண்டு கிடக்கு. அவன் எழுதின வசனத்தையே இதிலை எடுத்துப் போட்டிருக்கிறாங்கள். என்ரை பதவியை லீவ் பண்ண விரும்புறன் எண்டு." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "லீவ் எண்டது பொல்லாத சொல், பிள்ளை. பெயராய் நிண்டால் விடுமுறை. வினையாய் நிண்டால் விட்டுப் போறது. எழுத்து ஒண்டுதான். ஆறு மாத லீவு வேணும் எண்டு எழுதியிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. இதிலை ஆறு மாதம் எண்ட கதையே இல்லை. பதவியை விட்டுப் போறன் எண்டுதான் இருக்கு."

"இனி ஒண்டும் செய்யேலாதோ?"

"கடிதம் போட்ட நாளிலை இருந்து பதினாலு நாள் தந்திருக்கிறாங்கள். வெள்ளிக்கிழமையோடை முடியுது. இண்டைக்குப் பின்னேரத் தபாலிலை விட்டால் வெள்ளி காலமை போய்ச் சேரும். மேன்முறையீடு எழுதலாம். ஆங்கிலம் தெரியாத தொழிலாளி, வேறொருவர் எழுதிக் குடுத்தது, பிழையான சொல் விழுந்திட்டுது எண்டு. ஆனால் அதை எழுதிக் குடுத்தவர் தன்ரை பிழைதான் எண்டு தனியாய் எழுதிக் கையெழுத்து வைக்க வேணும். இல்லாட்டி நம்பமாட்டினம். ஆர் எழுதினது?"

"மச்சாள்தான்."

மரியரட்ணம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து அவளிடம் நீட்டினார்.

"ஞானாம்பிகை ரீச்சரோ?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியோடு குணலட்சுமி தெருவுக்கு வந்தாள். வீட்டுக்குப் போவதா, தோட்டத்துக்குப் போவதா என்று கால்கள் இரண்டு பக்கமும் இழுத்தன. மச்சாளின் பள்ளிக்கூடம் இருக்கிற மானிப்பாய்ப் பக்கம் போகிற பஸ் வந்தது. யோசிக்காமல் ஏறிவிட்டாள்.

பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோது பதினொரு மணி. ஞானாம்பிகையின் வகுப்பு, மாமரத்துக்குப் பக்கத்தில் இருந்த அரைச்சுவர்க் கட்டடத்தில் நடந்துகொண்டிருந்தது. குணலட்சுமி மரத்தடியில் நின்று பார்த்தாள். மச்சாள் படிப்பிப்பதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

கரும்பலகையில் சொற்கள் இரண்டு இரண்டாக எழுதப்பட்டிருந்தன. முப்பது பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"அட்வைஸ்," என்றாள் ஞானாம்பிகை. "தமிழிலை எழுதினால் ரெண்டும் ஒண்டு. ஆங்கிலத்திலை பெயருக்கு சீ, வினைக்கு எஸ். உச்சரிப்பும் கொஞ்சம் மாறும். புத்தி சொல்லுறது வினை. சொன்ன புத்தி பெயர். அடுத்தது லொஸ், லூஸ். இழப்பு, இழக்கிறது. லூஸுக்கு ஓ எத்தினை, விமலேஸ்வரி?"

"ரெண்டு, ரீச்சர்."

"ரெண்டு ஓ போட்டால் தளர்ந்தது எண்டு வரும். உம்மடை சட்டைப் பொத்தான் தளர்ந்தால் ரெண்டு. உம்மடை புத்தகத்தை நீர் துலைச்சால் ஒண்டு. விளங்குதோ? எழுத்தைப் பாத்து எழுதாதேங்கோ. அந்தச் சொல் வசனத்திலை என்ன வேலை செய்யுது எண்டு பாத்து எழுதுங்கோ. சொல் செய்யிற வேலையிலைதான் பெயரோ வினையோ எண்டு தெரியும்."

குணலட்சுமி மரத்தைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது முழுக்க, மச்சாளுக்குக் கை தவறியிருக்கும், அவசரத்தில் எழுதியிருப்பா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தவள் அவள். இந்தக் குரலைக் கேட்ட பிறகு அதைச் சொல்ல முடியவில்லை.

மணி அடித்தது. ஞானாம்பிகை சோக்குத் தூளைக் கையிலிருந்து தட்டிக்கொண்டு வெளியே வந்தவள், அவளைக் கண்டு நின்றாள்.

"குணம்? பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையோ?"

"பிள்ளை சுகமாய் இருக்கிறாள். கடிதம் வந்தது மச்சாள்."

ஞானாம்பிகை கையை நீட்டவில்லை. கடிதத்தை வாசிக்க வேண்டும் என்று அவள் கேட்கவும் இல்லை. அதிலேயே குணலட்சுமிக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"அவர் லீவு எண்டு நினைச்சுச் சந்தோசமாய்ப் போட்டார். நான் மரியரட்ணம் ஐயாவிட்டைக் காட்டினனான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"நீங்கள் எழுதினனீங்களோ எண்டு கேட்டவர். அதுக்குப் பிறகு ஒண்டும் கதைக்கேல்லை."

இரண்டு பிள்ளைகள் தண்ணீர்க் குழாயடிக்கு வந்தார்கள். ஞானாம்பிகை அவர்கள் குடித்துவிட்டுப் போகும்வரை பொறுத்தாள்.

"தெரியாமல் எழுதேல்லை," என்றாள். "ரெண்டு விதமாயும் எழுதிப் பாத்தனான். ஒண்டைக் கிழிச்சுப்போட்டு மற்றதைக் குடுத்தனான். அவன் வாசியாமல் கையெழுத்து வைச்சான். நான் எழுதினதை அவன் ஒருநாளும் வாசிக்கிறேல்லை."

"ஏன் மச்சாள்?"

"ஏன் எண்டு கேக்கிறியோ? ஆறு நாள் காங்கேசன்துறையிலை நிண்டனாங்கள். ஒவ்வொரு கப்பலும் வரேக்கை ஆக்கள் இறங்கி இறங்கி முடியும். அவன் இல்லை. அப்பா சாகேக்கை அவனுக்கு எட்டு வயது. எனக்குப் பதினேழு. நான் வளத்த பிள்ளை. ஏழாம் நாள் இறங்கி வந்தவன், காலிலை செருப்பும் இல்லை. திரும்பவும் அந்த ஊருக்கு அனுப்பச் சொல்லுறியோ? அதுக்கு என்ரை கையாலை லீவுக் கடிதம் எழுதச் சொல்லுறியோ?"

"அந்த ஆறு நாளும் நானும் பக்கத்திலை நிண்டனான்."

ஞானாம்பிகை முகத்தைத் திருப்பினாள்.

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்," என்றாள் குணலட்சுமி.

"சொன்னால் நீ அவனிட்டைச் சொல்லியிருப்பாய்."

"ஓம். சொல்லியிருப்பன்."

பதிவுத் தபால் எடுக்கிற யன்னல் நாலு மணிக்கு மூடிவிடும். எழுதிக் கொடுத்தவரின் கையெழுத்து இல்லாவிட்டால் மேன்முறையீடு நிற்காது என்று மரியரட்ணம் சொன்னதைக் குணலட்சுமி சொன்னாள். ஞானாம்பிகை கேட்டுக்கொண்டு நின்றாள். பெயருக்கும் வினைக்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று இருபத்தொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் எழுதித் தர வேண்டும்.

"பொய்யை மாத்த இன்னொரு பொய்," என்றாள். பிறகு அதிபரின் அறைக்குப் போய் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள்.

பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஞானாம்பிகை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

கனகலிங்கம் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். கிணற்றடியில் கை கழுவப் போனவன், அக்கா அந்த நேரத்தில் வருவதைக் கண்டு கிரீஸ் கையோடு முன்னால் வந்தான். குணலட்சுமி கடிதத்தில் இருந்ததைச் சொன்னாள். வேலை போனதைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை கெடுவைச் சொன்னாள். யார் எழுதியது, எப்படி எழுதியது என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். அதைச் சொல்ல வேண்டியவள் அவளில்லை.

கனகலிங்கம் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் அழுதிருந்தது அவனுக்குத் தெரிந்தது.

"அக்கா, அதுக்கேன் அழுறியள்? ஒரு சொல் மாறிப்போச்சு. எத்தினை பிள்ளையளின்ரை கொப்பி திருத்துறியள், எத்தினை வேலை. ஆருக்கும் கை தவறும்தானே. எழுதி அனுப்புவம். எங்கடை இயந்திரசாலை ஃபோர்மன் எனக்காகக் கதைப்பார். நீங்கள் அழாதேங்கோ."

குணலட்சுமி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மச்சாள் பேசாமல் இருந்தால் போதும். தம்பியே மன்னித்துவிட்டான். கடிதமும் அப்படித்தான் எழுதப் போகிறார்கள். இந்த வீட்டில் மூன்று பேரும் நாளைக்கும் ஒன்றாக இருந்து சாப்பிடலாம். ஒரு கணம் அவளே அதை விரும்பினாள்.

"கை தவறேல்லை, லிங்கம்," என்றாள் ஞானாம்பிகை.

"என்ன?"

"தெரிஞ்சுதான் எழுதினனான். நீ போகக் கூடாது எண்டு எழுதினனான்."

அவன் அக்காவைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். மனைவியின் முகத்தில் ஆச்சரியம் இல்லாததைக் கண்டதும் திரும்பிக் கிணற்றடிக்குப் போனான். சவர்க்காரம் போட்டுக் கழுவினான். கிரீஸ் போன பிறகும் கழுவிக்கொண்டிருந்தான். குணலட்சுமி துவாயை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"அஞ்சு நாள் அந்த ஃபோர்மன் என்னைத் தன்ரை வீட்டு அறைக்கை வைச்சிருந்தார்," என்றான், இருவருக்கும் முதுகைக் காட்டியபடி. "வெளியிலை கலவரக்காரர் வந்து கேக்கேக்கை அவரின்ரை பிள்ளையள் சாமி படத்துக்கு முன்னாலை சத்தியம் பண்ணிச்சுதுகள், வீட்டிலை ஒருத்தரும் இல்லையெண்டு. என்னோடை வேலை செய்த தியாகு, வேலைக்கு வரேக்கை ரோட்டிலை செத்தான். நான் உயிரோடை இருக்கிறன். கப்பலுக்கு ஏத்தேக்கை சொன்னவர், உன்ரை லேத்திலை வேறை ஆளை விடமாட்டன், நீ வா எண்டு. அந்த மனிசனுக்கு முன்னாலை என்ரை கடிதத்தை வாசிச்சிருப்பாங்கள். வேண்டாம் எண்டு போறான் எண்டு நினைச்சிருப்பார்."

"லிங்கம்..."

"நீங்கள் கேட்டிருந்தால் நானே போகேல்லை எண்டு சொல்லியிருப்பனோ, தெரியேல்லை. பகலிலை போக வேணும் எண்டு இருக்கும். கொழும்பு பஸ்ஸைக் கண்டால் சைக்கிளை மற்றப் பக்கம் திருப்பிப்போடுவன். எனக்கே தெரியாது அக்கா. அதைத் தெரிஞ்சுகொள்ளக்கூட நீங்கள் விடேல்லை."

ஞானாம்பிகை உள்ளே போய், மேசையில் இருந்த கொப்பிகளை ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டுத் தாள் எடுத்தாள்.

இரண்டு மணிக்கு எழுதத் தொடங்கினாள். முதலில் மேன்முறையீடு. அதை எழுதி முடித்து அவன் பக்கம் தள்ளினாள். பேனையையும் வைத்தாள். முன்பென்றால் அவன் தாளின் அடியில் விரலை வைத்து, இஞ்சையோ அக்கா என்று கேட்டுக் கையெழுத்துப் போடுவான்.

அவன் முதல் வரியின் முதல் சொல்லில் விரலை வைத்தான்.

"இது என்ன சொல்?"

அவள் சொன்னாள்.

"இது?"

சொன்னாள்.

"இது பெயரோ, வினையோ?"

"வினை," என்றாள்.

"என்ன கருத்து?"

இருபத்திரண்டு வரி. அவன் ஒரு சொல்லையும் விடவில்லை. சந்தேகம் வந்த இடத்தில் அகராதியை எடுத்துவரச் சொன்னான். குணலட்சுமி எடுத்துக் கொடுத்தாள். அவன் எழுத்துக் கூட்டித் தேடிப் பார்த்து, அக்கா சொன்னது சரி என்று கண்ட பிறகுதான் அடுத்த சொல்லுக்குப் போனான். அக்காவை அவன் கோபித்து ஏசியிருந்தால் அவளுக்கு இதைவிட லேசாக இருந்திருக்கும் என்று குணலட்சுமிக்குத் தோன்றியது.

கையெழுத்து வைக்கும்போது மூன்று மணி தாண்டிவிட்டது.

பிறகு ஞானாம்பிகை தன்னுடைய கடிதத்தை எழுதினாள். அது நாலு வரிதான். எழுதி முடித்ததும் கேட்காமலே அவனுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். "என்னுடைய சகோதரர் லீவு கேட்டு எழுதும்படியே என்னிடம் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கடிதத்தில் இருந்த வசனம் அவருடையதல்ல, என்னுடையது. அதற்கு அவர் பொறுப்பல்ல."

கனகலிங்கம் நிமிர்ந்தான். "பிழையாய் எழுதினன் எண்டு போடேல்லையோ?"

"அது பொய். இதிலை உள்ள நாலு வரியும் உண்மை. ஏன் அப்படி எழுதினனீர் எண்டு அவங்கள் கேட்டால், கேக்கிற இடத்திலை சொல்லுறன்."

"கேட்டால் உங்கடை வேலைக்கும் கரைச்சல் வரும்."

"வரட்டும்."

அவள் தன் முழுப் பெயரையும் எழுதினாள். அதன் கீழே, யாரும் கேட்காமலே, ஆங்கில ஆசிரியை என்றும் எழுதினாள்.

அவன் அந்தத் தாளை வாங்கி, கீழே எழுதியிருந்ததைப் பார்த்தான். இரண்டு தாளையும் ஒரே உறைக்குள் வைத்து ஒட்டி, சட்டைக்குள் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்தான். மூன்றரை மணி. சுன்னாகம் தபாற்கந்தோருக்கு வேகமாக மிதித்தால் இருபது நிமிடம்.

வாசல் படலைவரை போனவன் திரும்பிப் பார்த்தான். "மத்தியானம் அக்கா சாப்பிடேல்லை," என்று மனைவியிடம் சொன்னான். அக்காவிடம் சொல்லவில்லை.

சைக்கிள் ஒழுங்கை முடக்கில் மறைந்தது.

குணலட்சுமி சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஞானாம்பிகை சோற்றுக் கோப்பையைத் தொடவில்லை. கொப்பிகளைத் திரும்ப எடுத்து அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினாள்.

"மச்சாள்."

"சொல்லு."

"வேலை திரும்பக் கிடைக்கும் எண்டு நினைக்கிறியளோ?"

"கிடைக்கலாம். ஃபோர்மன் நல்ல மனிசன் போலை கிடக்கு."

"கிடைச்சால் அவர் இந்த முறை தனியாய்ப் போகமாட்டார்." குணலட்சுமி கதிரையில் உட்காரவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நானும் பிள்ளையும் போறம். ஆறு நாள் துறைமுகத்திலை நிக்க இன்னொருக்கால் என்னாலை ஏலாது. அங்கை என்ன நடந்தாலும் ஒண்டாய் நடக்கட்டும். பிறகு ஒளிச்சுச் செய்தன் எண்டு நீங்கள் சொல்லக் கூடாது. அதுதான் இண்டைக்கே சொல்லுறன்."

ஞானாம்பிகையின் கை கொப்பிகளின் மேல் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு முற்றத்தில் பிள்ளையின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"லிங்கத்துக்கு இது தெரியுமோ?"

"இல்லை."

"அவன் அந்தக் கடிதத்தைப் போட முந்தியே நீ முடிவெடுத்திட்டாய். எடுத்துப்போட்டும் அவனிட்டைச் சொல்லாமல் போக விட்டனீ."

"ஓம்," என்றாள் குணலட்சுமி. "சொன்னால் எங்களை நினைச்சுப் பயந்து கடிதத்தைப் போட்டிருக்கமாட்டார்."

ஞானாம்பிகை அவளை நீண்ட நேரம் பார்த்தாள். காலையில் மாமரத்தடியில் நின்று கேள்வி கேட்டவள் இவள்தானா என்று பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பிறகு எழுந்து படலையடிக்குப் போய் ஒழுங்கையை எட்டிப் பார்த்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் தம்பி இல்லை.